'கெட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள்?

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "காலையிலிருந்து இரவு வரை 'கெட்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு நேரம் எடுத்து வா என்கிறார்கள், ஒரு நேரம் புரிந்ததா என்கிறார்கள், இன்னொரு நேரம் இறங்கு என்கிறார்கள். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. இத்தனையையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? அப்புறம், இங்கே எல்லாரும் எதற்கெடுத்தாலும் 'காட்', 'காட்' என்கிறார்களே, அது சரியான ஆங்கிலமா?"

மனப்பாடம் வேண்டாம் தம்பி. வேலைக்கு வந்தவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அகராதிப் பட்டியலை நெட்டுருப் போட்டவர்கள்தான் பேசும்போது அதிகம் திணறுகிறார்கள். 'கெட்' தனியாக நிற்கும்போது பெரிதாக எதையும் சொல்வதில்லை. முன்பு இல்லாத ஒரு நிலை இப்போது வந்துவிட்டது என்ற அளவோடு அது நின்றுகொள்ளும். என்ன வந்தது, எங்கே வந்தது, யாரால் வந்தது என்பதெல்லாம் அடுத்து வரும் சொல்லில் இருக்கிறது. ஆகவே 'கெட்' காதில் விழுந்ததும் அங்கேயே நின்றுவிடாமல் அடுத்த சொல்லைப் பிடியுங்கள். அடுத்து வருவது ஒரு பொருளின் பெயரா, ஒரு தன்மையா, ஓர் இடமா, முடிந்துபோன ஒரு செயலா, ஓர் ஆளா என்று பார்த்தால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கே வெளியிலிருந்து வந்ததுதான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'கெடா' என்று இருந்தது, அடைதல் என்று பொருள். 'ஃபர்கெட்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'கெட்' இதே வேரின் பழைய ஆங்கில உறவு. பிடித்து வைத்திருந்தது கைநழுவிப் போனால் அது மறதி.

அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால் பெறுதல். இங்கேதான் நம் தமிழ் மனது முதலில் சிக்கும். தமிழில் 'எனக்குக் கிடைத்தது' என்றால் என் முயற்சி அதில் பெரிதாக இல்லை. 'நான் வாங்கினேன்' என்றால் நானாகச் செய்தது. இரண்டையும் நாம் குழப்புவதே இல்லை. ஆங்கிலம் இரண்டையும் 'கெட்'டின் இறந்தகால வடிவமான 'காட்'டைப் போட்டு 'ஐ காட்' என்று ஒன்றாக்கிவிடுகிறது. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது. 'ஐ காட் எ ஃபோன் அட் முஸ்தஃபா' என்றால் முஸ்தஃபா கடையில் போன் வாங்கினேன். 'ஹி காட் டெங்கி' என்றால் அவருக்கு டெங்கி வந்துவிட்டது. அவர் வாங்கினாரா, வந்து சேர்ந்ததா என்பதைப் பொருளை வைத்து நீங்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கடிதத்தை யாரும் கடையில் வாங்குவதில்லை, டெங்கியை யாரும் கேட்டுப் பெறுவதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

உண்மையில் நம்முடைய 'வாங்கு' என்ற சொல்லும் இப்படி ஊர் சுற்றுகிற சொல்தான். மார்க் வாங்குகிறோம், திட்டு வாங்குகிறோம், நல்ல பெயர் வாங்குகிறோம், ஆளிடம் வேலை வாங்குகிறோம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதையெல்லாம் நாம் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை. பக்கத்துச் சொல்லைக் கேட்டே வளர்ந்தோம். 'கெட்'டையும் அப்படியே பழகலாம்.

வேலையிடத்தில் 'கோ அண்ட் கெட் த டிரில்' என்றால் போய் டிரில்லை எடுத்து வா. போவதும் எடுப்பதும் திரும்பி வருவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். 'கெட் த டோர்' என்றால் கதவைப் பெயர்த்து எடுத்து வரச் சொல்லவில்லை, யாரோ தட்டுகிறார்கள், போய்த் திற என்கிறார்கள். 'கெட் த ஃபோன்' என்றால் போன் அடிக்கிறது, எடுத்துப் பேசு. 'காட் இட்?' என்றால் புரிந்ததா. தொலைபேசியில் 'ஐ டிடன்ட் கெட் யுவர் நேம்' என்று ஒருவர் சொன்னால் உங்கள் பெயர் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று பொருள். இங்கே பெறப்படுவது கையால் பிடிக்கும் பொருள் அல்ல, செய்தி.

அடுத்து ஒரு தன்மை வந்தால் ஆதல். 'கெட் டயர்ட்', 'கெட் வெட்', 'கெட் ஆங்க்ரி', 'இட்ஸ் கெட்டிங் டார்க்'. தமிழில் இதற்கெல்லாம் தனித்தனி வினைகள் இருக்கின்றன. களைத்துப் போகிறோம், நனைகிறோம், கோபம் வருகிறது, இருட்டுகிறது. ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதும். ஒரு எச்சரிக்கை: இது தன்மையைச் சொல்லும் சொற்களோடு மட்டும்தான். 'ஷி காட் எ டாக்டர்' என்றால் அவர் டாக்டராக ஆனார் என்று பொருள் வராது, ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தார் என்றாகிவிடும். டாக்டராக ஆனார் என்பதற்கு 'ஷி பிகேம் எ டாக்டர்'. தொழில், பதவி, உறவு எல்லாவற்றுக்கும் 'பிகேம்'தான். பால் கெட்டுப்போவதற்கு 'கோ சவர்' என்பார்கள், தலை வழுக்கையாவதற்கு 'கோ பால்ட்'. உடம்பு தேறுவதற்கு 'கெட் பெட்டர்'. இதற்கு விதி தேட வேண்டாம், கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

இடம் வந்தால் போய்ச் சேர்தல். 'கோ' என்பது கிளம்புவதையும் பயணத்தையும் பார்க்கிறது, 'கெட்' அந்தப் பக்கம் போய்ச் சேர்வதைப் பார்க்கிறது. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு வழி கேட்கும்போது 'ஹவ் டு ஐ கெட் டு தேக்கா?' என்று கேளுங்கள். 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' ஆகிய மூன்றுக்கும் முன்னால் 'டு' வராது. 'ஐ காட் ஹோம் அட் டென்', அவ்வளவுதான். 'ரீச்' என்ற சொல்லுக்குப் பின்னும் 'டு' கிடையாது, 'ரீச்ட் உட்லண்ட்ஸ்' என்றால் போதும்.

வண்டிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குவதை நம்மவர்கள் 'கெட் டவுன் ஃப்ரம் த பஸ்' என்பார்கள். இந்திய ஆங்கிலத்தில் அது சாதாரணம். சிங்கப்பூரில் 'கெட் ஆஃப்' என்பார்கள், அறிவிப்புகளில் 'அலைட்' என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். எழுந்து நின்று நடமாடக்கூடிய வண்டி என்றால் ஏற 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்': பஸ், எம்ஆர்டி ரயில், விமானம், கப்பல். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டிய கார், டாக்ஸி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே ஏறி உட்காருவதால் 'ஆன்', 'ஆஃப்' பக்கம் சேரும்.

இனிமேல் வருவதுதான் மிக முக்கியம் என்று நான் நினைக்கும் பகுதி. அடுத்து வினையின் மூன்றாம் வடிவம் வரும் இடங்கள்: 'டன்', 'பெய்டு', 'ஹர்ட்', 'புரோக்கன்' போன்றவை.

'ஹி காட் ஹர்ட்' என்றால் அவருக்கு அடிபட்டது. 'வி காட் பெய்டு' என்றால் சம்பளம் வந்துவிட்டது. இங்கே 'வாஸ்' போடுவதற்கும் 'காட்' போடுவதற்கும் வேறுபாடு உண்டு. 'த விண்டோ வாஸ் புரோக்கன்' என்றால் கண்ணாடி உடைந்திருந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம், உடைக்கப்பட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'காட் புரோக்கன்' என்றால் அந்த நேரத்தில் நடந்த சம்பவம் மட்டுமே. 'தே வேர் மேரிட்' என்பதற்கும் 'தே காட் மேரிட்' என்பதற்கும் இதே வேறுபாடுதான். பின்னது கல்யாணம் நடந்த நாளைச் சொல்கிறது. பேச்சில் இது மிக இயல்பு. விபத்து அறிக்கை எழுதும்போது மட்டும் 'வாஸ் இஞ்சர்ட்' என்று எழுதுங்கள், அங்கே 'காட்' பொருந்தாது.

அடுத்து, 'கெட்'டுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில் ஒரு பொருள் வந்து உட்கார்ந்தால் அர்த்தம் தலைகீழாகும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால் வேறொருவர் என் முடியை வெட்டினார், அதற்கு நான் ஏற்பாடு செய்தேன். தமிழில் 'முடி வெட்டினேன்' என்றாலே சலூனுக்குப் போய்வந்தேன் என்று எல்லாருக்கும் புரியும். அந்தப் பழக்கத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்கிறோம். இங்கே பலரும் அப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முடி விஷயத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் 'ஐ ரிப்பேர்ட் த மெஷின்' என்று சொன்னால் உங்கள் கையால் நீங்களே பழுது பார்த்தீர்கள் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிபார்க்க வைத்திருந்தால் 'ஐ காட் த மெஷின் ரிப்பேர்ட்' என்று சொல்ல வேண்டும். பிறகு ஏதாவது ஆகிவிட்டால் 'யார் தொட்டது?' என்றுதான் முதல் கேள்வி வரும். தமிழில் 'மெஷினைச் சரி பண்ணிட்டேன்' என்பது இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. என் வகுப்பில் இந்த ஒரு வாக்கிய அமைப்பை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன்: ஏர்கானை சர்வீஸ் செய்ய ஆள் அழைத்தால் 'காட் த ஏர்கான் சர்வீஸ்ட்', போனைக் கடையில் கொடுத்தால் 'காட் மை ஃபோன் ஃபிக்ஸ்ட்'.

இதே அமைப்பு, நாம் விரும்பாமல் நமக்கு நேர்ந்ததையும் சொல்லும். 'ஹி காட் ஹிஸ் ஃபிங்கர் க்ரஷ்ட்' என்றால் விரல் நசுங்கிவிட்டது. யாரும் அதற்கு ஏற்பாடு செய்ய மாட்டார்கள் அல்லவா? இங்கேயும் கேட்பவரின் பொது அறிவுதான் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

பொருளின் இடத்தில் ஆள் வந்தால், அந்த ஆளைச் செய்ய வைப்பது. 'ஐ காட் த சூப்பர்வைசர் டு சைன் த ஃபார்ம்', சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கினேன். கொஞ்சம் பேசி, கேட்டு, ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறீர்கள் என்ற சாயல் அதில் இருக்கிறது. 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் கட்டாயப்படுத்தினீர்கள். 'ஐ ஹாட் ஹிம் சைன்' என்றால் சொன்னதும் அவர் செய்யக்கூடிய நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள், அல்லது அது வழக்கமான ஏற்பாடு. சூப்பர்வைசரைப் பற்றி 'மேட்' போட்டுச் சொன்னால் அவர் காதுக்கு நன்றாக இருக்காது. இன்னொன்று: 'கெட்' வந்தால் வினைக்கு முன் 'டு' கட்டாயம், 'மேட்', 'ஹாட்' வந்தால் 'டு' வரவே கூடாது. இதில் தவறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பல வருடமாக இங்கே இருப்பவர்களும் இதில் கோட்டைவிடுகிறார்கள்.

ஆள் இல்லாமல் நேராக 'டு' வந்து அதற்கடுத்து வினை வந்தால் வாய்ப்புக் கிடைத்தது என்று பொருள். 'ஐ காட் டு கோ ஹோம் ஃபார் தீபாவளி லாஸ்ட் இயர்', போன வருடத் தீபாவளிக்கு ஊருக்குப் போகக் கொடுத்துவைத்திருந்தது. அது அமையவில்லை என்றால் 'ஐ டிடன்ட் கெட் டு கோ', போக முடியாமலே போயிற்று. இந்த வருத்தத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் 'ஐ ஹாவ் காட் டு கோ ஹோம்' என்றால் ஊருக்குப் போயே ஆக வேண்டும். வேகமாகப் பேசும்போது அந்த 'ஹாவ்' கரைந்து, 'ஐ காட்டா கோ' என்றுதான் காதில் விழும். ஒன்று மகிழ்ச்சி, மற்றது கட்டாயம். பிரித்தறிய வழி: நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சா, நடக்க வேண்டியதைப் பற்றிய பேச்சா என்று பாருங்கள். போன வருடம், நேற்று என்று வந்தால் வாய்ப்பு. நாளைக்கு, இப்பவே என்று வந்தால் கட்டாயம். 'கெட் டு நோ' என்பதும் இந்தக் குடும்பம்தான், பழகிப் பழகி ஒருவரைத் தெரிந்துகொள்வது.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, சிங்கப்பூர் 'காட்'.

பொது ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் காட் டூ சில்ட்ரன்' என்றால் எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்த 'ஹாவ்' உதிர்ந்து, 'காட்' மட்டும் நின்று, நம்முடைய 'இருக்கு' என்ற சொல்லின் வேலையையே இங்கே செய்யத் தொடங்கிவிட்டது. 'இன்சைட் காட் பீப்பள்?' என்றால் உள்ளே ஆள் இருக்கா? 'காட் ஆர் நாட்?' என்றால் இருக்கா இல்லையா? மலாயில் 'அடா' என்ற சொல்லும் சீன மொழிகளில் அதற்கு நிகரான சொல்லும் உடைமைக்கும் இருப்புக்கும் ஒருசேரப் பயன்படுகின்றன. கோப்பிக்கடையிலும் பாசார் என்ற சந்தையிலும் பல மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டபோது, தங்கள் மொழியின் அந்த அமைப்பை 'காட்' என்ற சொல்லுக்குள் ஊற்றிவிட்டார்கள். தமிழ் வாய்க்கும் அது எளிதாக அமைந்துவிட்டது, நாமும் 'இருக்கு' என்ற ஒரே சொல்லில் 'எனக்குப் பிள்ளை இருக்கு', 'உள்ளே ஆள் இருக்கு' இரண்டையும் சொல்கிறவர்கள்தானே.

வினைக்கு முன்னாலும் அதைப் போடுவார்கள். 'ஐ காட் டெல் ஹிம்' என்றால் நான் அவனிடம் சொல்லத்தான் செய்தேன். ஹொக்கியன் என்ற சீன மொழியில் இந்த அமைப்பு அப்படியே உண்டு. 'வேர் காட்?' என்று ஒருவர் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவில்லை, அதெல்லாம் இல்லவே இல்லை என்று மறுக்கிறார். மலாயில் 'மானா அடா' என்பதும் இதே அமைப்புதான். திட்டோ அபராதமோ கிடைத்தால் 'காட்' என்பதற்குப் பதிலாக 'கெனா' என்ற மலாய்ச் சொல்லைப் போடுவார்கள். 'கெனா ஸ்கோல்டிங்', திட்டு வாங்கினான். கெட்டது நேர்ந்தால்தான் 'கெனா', பாராட்டு கிடைத்தால் பொதுவாக அது வராது.

இது சரியான ஆங்கிலமா என்று கேட்டால், தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் சரியல்ல. பொது ஆங்கிலத்தை வளர்ப்பதற்காகவே இங்கே 2000-ஆம் ஆண்டில் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கம் தொடங்கப்பட்டது. ஆனால் இது அரைகுறை ஆங்கிலம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது, தவறாகச் சொன்னால் இந்த ஊர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பல மொழிகள் அருகருகே வாழ்ந்த தீவில் மக்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பாடுபட்டதில் விளைந்தது அது. காதால் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளுங்கள். நண்பர்களிடம் தாராளமாகப் பேசுங்கள். எழுதும்போதும் மேலதிகாரியிடம் பேசும்போதும் 'இஸ் தேர் எனிபடி இன்சைட்?' என்ற வடிவத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். எது எந்த இடத்துக்கு என்று தெரிந்தால் போதும்.

நீங்கள் துவாஸில் இருப்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் கூவிச் சொல்லும் கட்டளைகள் பல 'கெட்'டில்தான் தொடங்கும். 'கெட் பேக்!' என்றால் பின்னால் போ. திரும்பி வா என்று புரிந்துகொண்டு முன்னே வந்துவிடாதீர்கள், கிரேன் சுமை தூக்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. 'கெட் டவுன்!' என்பதற்கு இரண்டு பொருள்: உயரத்தில் நின்றால் இறங்கி வா, தரையில் நின்றால் குனிந்துகொள். 'கெட் அவுட் ஆஃப் த வே!' என்றால் வழியை விட்டு விலகு. நம் காதுக்கு 'கெட் அவுட்' என்றாலே விரட்டி அவமானப்படுத்துவதாகத் தோன்றும். கோபப்பட்டு அங்கேயே நின்று முறைக்காதீர்கள், முதலில் விலகுங்கள். சந்தேகம் இருந்தால் வேலை தொடங்குவதற்கு முன் நடக்கும் பாதுகாப்பு விளக்கக் கூட்டத்திலேயே, எந்தக் கட்டளைக்கு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று கையால் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுகிறபோது 'கெட்' கொஞ்சம் சாதாரணமாகத் தெரியும். கடிதம் கிடைத்தது என்பதற்கு 'ரிசீவ்ட்', அனுமதி பெற்றேன் என்பதற்கு 'அப்டெய்ன்ட்', வந்து சேர்ந்தேன் என்பதற்கு 'அரைவ்ட்' என்று எழுதுங்கள். பதில் சொல்கிறேன் என்பதற்கு இங்குள்ள அலுவலகங்களில் 'ரிவர்ட்' என்று எழுதுவது பெருவழக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புதல் என்றே பொருள். ஆகவே 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்று எழுதினாலே நல்லது. வேலையிடத்தில் பின்னால் போகச் சொன்ன அதே 'கெட் பேக்', 'டு யூ' சேர்ந்ததும் உங்களுக்குப் பதில் தருகிறேன் என்றாகிவிட்டது, பாருங்கள். இங்கேயும் அடுத்த சொல்தான் வேலை செய்கிறது.

'கெட்'டின் மூன்றாம் வடிவத்தை 'காட்டன்' என்று அமெரிக்கர்கள் சொல்வதைக் காணொளிகளில் கேட்டிருக்கலாம். அவர்களிடம் 'ஹாவ் காட்' என்றால் வைத்திருக்கிறேன், 'ஹாவ் காட்டன்' என்றால் புதிதாகக் கிடைத்திருக்கிறது அல்லது ஆகியிருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் தேர்விலும் கடிதத்திலும் 'காட்' என்றே எழுதுங்கள்.